பதினோராம் பொருத்தம்

ஜெலுத்தோங் நிலையத்தின் பின்னறையில்
ஏர்கான் ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில்
எனக்கொரு மேசை, ஒரு கணினி,
பதினான்கு வருடத்துப் புகார்கள்.

ஒரே ஆள் இரண்டு தடவைக்கு மேல் வந்தால்
சிவப்புப் போடு என்றார் இன்ஸ்பெக்டர் ரோஸ்னானி.
அடிக்கிறவனுக்கு வயசாகிறது,
காகிதம்தான் ஒவ்வொரு முறையும்
புதிதாய்ப் பிறக்கிறது என்றார்.

தேடினேன்.
வாழவந்தான்.
ழகரம் இல்லாத விசைப்பலகையில்
இங்கே அவன் வாலவந்தான்,
டத்தோ கெராமாட்டில் வாளவந்தான்,
பாலம் தாண்டிப் பிறையில்
யாரோ அவசரத்தில் தட்டிய வசந்தன்.
மூன்று பேர்.
மூன்று பேருக்கும் அது முதல் தடவை.
மூன்று பேரையும் எச்சரித்து
வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்,
அதே வீட்டுக்கு.

ஐசி எண்ணைப் போட்டேன்.
மூவரும் மெல்ல வந்து
ஒரே முகத்துக்குள் உட்கார்ந்தார்கள்.

மரகதவல்லி, 2011: இடது காது.
தமயந்தி, 2016: காணாமற்போன அடையாள அட்டை.
அட்டை எங்கும் போகவில்லை.
கத்தரித்துச் சாக்கடையில் போட்டான் என்று
ஆறாவது வரியில் இருக்கிறது.
தலைப்பை மட்டும் படிக்கும் இயந்திரம்
ஆறாவது வரிவரை வருவதில்லை.
கீழ்மாடி ஊய் அம்மா, 2017, 2017, மறுபடி 2018:
மேல்வீட்டில் ராத்திரியெல்லாம்
மேசை நாற்காலி இழுக்கிறார்கள், தூக்கமில்லை.
அந்த வீட்டில் மேசையே கிடையாது என்று
போய்ப் பார்த்த கார்ப்பரல் குறித்திருக்கிறார்.
குறித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

இரண்டு பெண்களுக்கும்
தினம், கணம், ரஜ்ஜு என்று
பத்தும் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள்.
இதைக் கேட்டு யாரும் வருவதில்லை.
வந்தாலும்
திரையைத் திருப்பிக் காட்ட
எனக்கு அனுமதி இல்லை.

அப்புறம் 2014.
எண் பொருந்துகிறது, சொல் பொருந்தவில்லை.
கணவன் மனைவி வாய்ச்சண்டை,
மேல் நடவடிக்கை வேண்டாம்.
மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில்
என் பெயர்.
அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

ஞாபகம் இருக்கிறது.
மழை. ஈரச் சாரோங்கை
வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.
"மிதிச்சாருக்கா" என்றாள்,
"செருப்போட."
மணி பதினொன்று. சார்ஜன் ஹலீம்
சுருக்கமாய் எழுதச் சொன்னார்.
பெர்தெங்கார் என்று அடித்தேன்.
மலாயில் அதற்குப் பத்து எழுத்து.
மிதிப்பதற்கு, பிஜாக், ஐந்துதான்.
பத்து எழுத்தை அடித்த விரல்
ஐந்து எழுத்துக்குக் கூசியது.

'மிதி' என்று இனி யார் தேடினாலும்
மரகதவல்லி வரமாட்டாள்.
2014க்குப் பிறகு
அவள் எந்தக் காகிதத்திலும் இல்லை.
தப்பிப் போனாளா என்று
காகிதத்தைக் கேட்டால் அதற்குத் தெரியாது.
நான் வைத்த சொல்லோடு
இன்னும் எத்தனை பேர்
இதற்குள் இருக்கிறார்கள் என்பதும்.

பழைய புகாரைத் திருத்த முடியாது, பூட்டிய வரி.
கீழே குறிப்புச் சேர்க்கலாம்.
சேர்த்தேன்: இன்றைய தேதி, என் பெயர்,
அவள் சொன்ன சொல், செருப்பு உட்பட.
ரோஸ்னானி படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விளக்கக் கடிதம் ஒன்று
நான் எழுதவேண்டி வரலாம் என்றார்.
சிவப்பு விழுந்தது.

நாலு மணிக்கு முன்கூடத்தில் வேறொருத்தி,
வேறொருவன் மனைவி,
பள்ளிச் சீருடையில் ஒரு பையனோடு.
"சும்மா தள்ளினாருங்க,
புகாரெல்லாம் வேண்டாம், ஒரு வார்த்தை
சொல்லி வச்சா போதும்."

எங்கேயிருந்து தள்ளினார்,
எதன்மேல் விழுந்தீர்கள்,
எந்தக் கை.
கேட்கக் கேட்க அவளுக்கு என்மேல் கோபம் வருகிறது.
பையன் வாளியில் சொட்டு விழுவதை
எண்ணிக்கொண்டிருக்கிறான்.
ஒவ்வொன்றாய் அடிக்கிறேன்.

ஆறாவது வரிக்கு வந்தபோது
அவள் தண்ணீர் கேட்டாள்.